முந்நூற்று அறுபத்தாறை மூன்றால் வகுத்தல்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் இந்தக் கேள்வி வந்தால் ‘மௌனத்தில்’ என்று பதில் சொல்லும் எழுத்தாளர்களைப் பார்த்திருக்கிறேன். நானே ஒருமுறை ‘காயத்தில்’ என்று சொல்லி, இரண்டாம் வரிசையில் இருந்த ஓர் அம்மாளைக் கண்கலங்க வைத்திருக்கிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு மின்னஞ்சலில்.

அனுப்பியவர் ஒரு சிற்றிதழின் ஆசிரியர். ‘கணிதமும் புனைவும்’ என்று சிறப்பிதழ் கொண்டுவருகிறாராம். எனக்கு ஒதுக்கிய தலைப்பு, வகுபடும் தன்மை. “எண்களின் அதிகாரத்தைக் கட்டவிழ்க்கும் பிரதியாகத் தங்கள் படைப்பு அமைதல் வேண்டும். பதினாறு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது” என்று எழுதியிருந்தார். இரண்டாவது வாக்கியம் புரிந்தது.

ஃபோனிலும் கூப்பிட்டார். “மேடம், மீதின்றதே ஒரு அரசியல் மேடம்.”

“சரிங்க சார். எப்ப வேணும்?”

“வருஷம் முடியறதுக்குள்ள குடுத்துட்டீங்கன்னா நல்லது.”

வருஷம் முடிகிற அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் கதையே என்று அப்போது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: ‘எண் என்பது தனிமையின் ஆகப் பழைய வடிவம்.’

(அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவரின் கையில் மளிகைப் பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொல்ல வேண்டும்.)

இரண்டாவது: ‘முந்நூற்று அறுபத்தைந்து என்ற எண், மூன்று கதவுகளின் முன் நின்றுகொண்டு, எந்தக் கதவைத்’

(எண் எப்படி நிற்கும்? விட்டுவிட்டேன்.)

மூன்றாவது: ‘என் தோழியின் அப்பாவை அவருடைய மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.’

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

தோழியின் அம்மா இறந்த பிறகு அப்பா எங்கே இருப்பது என்ற கேள்வி வந்தது. மூன்று பிள்ளைகள், மூன்று ஊர்கள். மூத்தவர் புள்ளியியல் துறையில் அதிகாரி. அடுத்தவள் பல் மருத்துவர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் இருக்கும்போது பேசுவதுதான் அவளுக்குப் பழக்கம். கடைசி, என் தோழி. மெய்ப்புத் திருத்துபவள், ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுகிறவள், தனியாக

3

தனியாக இருப்பவள். சரி. மேலே ‘தோழி’ என்று வந்த இடங்களில் எல்லாம் ‘நான்’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பிழையைத் திருத்துவது என் தொழில். என் பிழையை நீங்கள் திருத்தினால் ஒரு நியாயம் இருக்கும். எனக்கு இப்படி வீட்டு விஷயம் சொல்கிற அளவுக்குத் தோழி யாரும் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

அப்பா ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மடிப்புப் பிரிவில் இருந்தார். ஒரு பெரிய தாளில் இருபுறமும் அச்சடித்து, மூன்று முறை பாதிபாதியாக மடித்தால் எட்டு இலை, பதினாறு பக்கம். அதற்கு ஒரு பாரம் என்று பெயர். புத்தகம் என்பது இத்தனை பாரம். ஆகவே புத்தகத்தின் பக்க எண்ணிக்கை பதினாறால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் கடைசியில் வெறும் பக்கம் விழும்.

வகுபடுமா என்று பார்க்க அப்பா வகுக்கவே மாட்டார். பக்க எண்ணைச் சொன்னதும் பாதி பண்ணுவார். அதில் பாதி. அதில் பாதி. அதில் பாதி. நான்கு முறையும் உடையாமல் போனால் சரி. இருநூற்றெட்டா? நூற்று நான்கு, ஐம்பத்திரண்டு, இருபத்தாறு, பதின்மூன்று. “பதிமூணு பாரம். போ.” இருநூற்றுப் பன்னிரண்டா? நூற்றாறு, ஐம்பத்து மூன்று. நின்றுவிடுவார். “உடையுது. எழுதினவரக் கூப்டு. பன்னெண்டு பக்கம் சேப்பாரா, நாலு பக்கம் கொறப்பாரா?”

எழுத்தாளர்கள் எப்போதும் சேர்க்கத்தான் சேர்த்தார்களாம்.

4

பங்கு போட்டது அண்ணன் வீட்டுக் கூடத்தில். அண்ணன் ஓர் அட்டவணையைக் கலரில் அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தான். அம்மா இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. தலைப்பு: ‘தந்தையார் பராமரிப்பு: ஆண்டுத் திட்டம்.’

“பொண்ணு, பையன்னு நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன். எல்லாருக்கும் சம உரிமை” என்றான்.

“இத்தன வருஷமா இந்தச் சம உரிமைய எங்கண்ணா வச்சிருந்த?” என்றாள் அக்கா.

“வெளையாடாத. தலைக்கு நூத்தி இருபத்தொரு நாள். முதல்ல நான், அப்புறம் நீ, கடைசில இவ. பங்கு முப்பத்து மூணு புள்ளி மூணு மூணு. மொத்தம் நூறு சதவீதம். பாத்துக்க.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பாதியாக, அதில் பாதியாக மடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க என்னப்பா சொல்றீங்க?”

“ரெண்டு பேர்னா சுலபம்ப்பா. காகிதத்த மூணா மடிக்கிறது கஷ்டம். ஒரு ஓரம் எப்பவும் துருத்திக்கும்.” பிறகு என்னைப் பார்த்தார். “இந்தக் கழுதை வந்து பொறந்ததாலதான் மடிப்பே கெட்டுது.”

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

நூற்று இருபத்தொன்றை மூன்றால் பெருக்கிப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. புள்ளியியல் அதிகாரி ஒருவர், மருத்துவர் ஒருவர், பிழை திருத்துபவள் ஒருத்தி. முந்நூற்று அறுபத்து மூன்று வரும். இரண்டு நாள் மீதி. அட்டவணை மட்டும் மூன்று பங்கையும் கூட்டி நூறு என்று காட்டியது.

ஒருவர் பார்த்திருந்தார். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

5

(இந்தப் பகுதியில் வகுபடும் தன்மையின் தத்துவம் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஆசிரியருக்குப் பிடித்திருக்கும். எடுத்துவிட்டேன். அதிலிருந்து உங்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்: ஓர் எண் மூன்றால் வகுபடுமா என்று அறிய, அதன் இலக்கங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் அந்த எண்ணும் வகுபடும். மூன்று, ஆறு, ஐந்து: பதினான்கு. வகுபடாது.)

6

முதல் வருஷம் என் முறை டிசம்பர் இருபத்தொன்பதில் முடிந்தது. அன்று சாயங்காலமே அப்பா பெட்டியை எடுத்து வைத்துவிட்டார்.

“நூத்தி இருபத்தொண்ணு ஆயிடுச்சும்மா. நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்.”

“அண்ணனுக்கு ஒண்ணாம் தேதிலேர்ந்துதானேப்பா?”

“அவன் பாத்துப்பான்.”

அப்போதுதான் பெருக்கினேன். இரண்டு நாள் மீதி. மூத்தவன் என்ற முறையில் அண்ணன் அதை எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனோ, இவள் தனியாகச் சும்மாதானே இருக்கிறாள், முப்பத்தொன்று வரை வைத்துக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறான். அக்கா எதையும் நினைக்கவில்லை; அவள் கணக்கு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. இப்படியாக மீதியை நான் அண்ணன் கணக்கில் எழுதினேன். அண்ணன் என் கணக்கில் எழுதினான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு நாளை எனக்குக் கொடு என்று அண்ணனிடம் கேட்க நினைத்தேன். அப்பா இருக்கும் மாதங்களில் என் வீட்டில் ஒரு ரேடியோதான் ஓடும். அவர் போனதும் இரண்டு அறையிலும் ஓடும், வேறு வேறு நிலையம், யாரோ வாக்குவாதம் பண்ணுகிற மாதிரி இருக்கட்டும் என்று. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பான். ஏன் என்றால் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாம் வருஷம் டிசம்பர் முப்பத்தொன்று காலை, அலமாரியில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி கூட்டோடு கிடந்தது. பழைய கண்ணாடிதான், ஆனாலும் தேடுவாரே என்று அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

“அண்ணா, அப்பாகிட்ட சொல்லு, கண்ணாடிய இங்கயே”

“அவர் அங்கதானேடி இருக்கார்? நாளைக்குத்தானே வரணும்?”

(இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவையைப் பறக்கவிடுவார். என் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்.)

“ஆமா” என்றேன். “இங்கதான். குளிக்கிறார். கண்ணாடிய இங்கயே ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேக்கத்தான் கூப்டேன்.”

“இதுக்கெல்லாமா ஃபோன் பண்ணுவ? பண்ணு.”

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“அண்ணன் வீட்லதாம்மா. எல்லாரும் டிவி பாத்துட்டிருக்காங்க.”

டிவி சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவ்வளவு அமைதியான அறையிலிருந்து அப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

“சரிப்பா. கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“பரவால்லம்மா. பாக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

7

ஜனவரியில் அலமாரியைத் துடைக்கும்போது என் சிறுகதைத் தொகுப்பிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. அப்பா பக்க அடையாளத்துக்கு வைத்தது. விடுதி ரசீது. அண்ணன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரில். ஒரு நபர், இரண்டு நாள், முதல் வருஷத்து டிசம்பர் முப்பதும் முப்பத்தொன்றும்.

சீட்டு இருந்த பக்கம் முப்பத்திரண்டு. அதாவது என் புத்தகத்தில் சரியாக இரண்டு பாரம் படித்திருக்கிறார். மீதி பதினொரு பாரத்தைத் தொடவில்லை. விமர்சகர்கள் இவ்வளவு துல்லியமாக நிறுத்துவதில்லை.

பிப்ரவரியில் அந்த விடுதிக்குப் போனேன். ஏன் போனேன் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். பொறாமை என்பது நான்காவது.

விடுதி மேலாளர் பல் குத்திக்கொண்டே பேசினார். (அக்கா பார்த்திருந்தால் குச்சியைப் பிடுங்கியிருப்பாள்.)

“மடிச்சு மடிச்சுப் பேப்பர் படிப்பாரே, அந்தப் பெரியவரா? வருஷக் கடைசில வருவாரும்மா. மாடில கோடி ரூம்தான் வேணும்பார். நீங்க?”

“தெரிஞ்சவங்க.”

“நல்ல மனுஷன். ஒரு தொந்தரவு கெடையாது.”

“என்ன பண்ணுவார்?”

“ஒண்ணும் பண்ண மாட்டார். அதான் எனக்கே ஒரு மாதிரி இருந்துது. நாற்காலிய நடு ரூம்ல போட்டு உக்காந்திருப்பார். மொத தடவ பயந்துட்டேன், ஏதாவது பண்ணிக்கப் போறாரோன்னு. டீ வேணுமான்னு கேக்கற சாக்குல நாலு வாட்டி கதவத் தட்டினேன். அஞ்சாவது வாட்டி என்ன சொன்னார் தெரியுமா? ‘தம்பி, இன்னிக்கு என்னை யாரும் பாத்துக்க வேணாம். அதுக்குத்தான் வந்திருக்கேன்’னார்.”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வந்த காரணம் என்று ஒரு கட்டம். எல்லோரும் ‘சொந்த வேலை’ என்று எழுதியிருந்தார்கள். அப்பா மட்டும், அச்சகத்துத் தடித்த கையெழுத்தில், ‘மீதி’ என்று எழுதியிருந்தார்.*

* இந்த வரி கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றலாம். நானே கதையாகக் கட்டியிருந்தால் இதைவிட அடக்கமாகக் கட்டியிருப்பேன். அப்பாவுக்கு அடக்கத்தில் பயிற்சி இல்லை, ஏனென்றால் அவர் எழுத்தாளர் இல்லை.

திரும்பி வரும் பேருந்தில் கணக்குப் போட்டேன். அப்பாவுக்கு என் வீட்டில் தனி அறை இருக்கிறது. நான் அதிகம் பேசுவதில்லை. அண்ணன் வீட்டுச் சத்தத்திலிருந்தும் அக்காவின் புத்திமதியிலிருந்தும் தப்பித்து அவர் மூச்சுவிடும் இடம் என் வீடு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கோ மூன்று வீடும் ஒன்றுதான். மூன்றிலும் அவர் யாருடைய முறையோ. எவருக்கும் முறையில்லாத அந்த இரண்டு நாள்தான் அவருடையது.

யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் முப்பத்தொன்று வந்தது. அப்பா வழக்கம்போல வந்தார். இரண்டு ரேடியோக்களில் ஒன்றை அணைத்தேன்.

8

இது மூன்றாம் வருஷம். இந்த டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எல்லோரையும் வீடியோவில் கூப்பிட்டான். புது அட்டவணையைக் கேமரா முன் பிடித்திருந்தான். நானும் அப்பாவும் என் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

“எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. மூணு வருஷமா நம்ம திட்டத்துல ஒரு சின்ன ஓட்டை இருந்திருக்கு. ரெண்டு நாள் இடிக்குது. கடைக்குட்டிதான் பாவம் முணுமுணுக்காம எடுத்துச் செஞ்சிருக்கா” என்றான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையையே பார்த்தேன்.

“அடுத்த வருஷம் லீப் வருஷம். முன்னூத்தி அறுபத்தாறு. மூணு, ஆறு, ஆறு. கூட்டினா பதினஞ்சு. வகுபடும்! தலைக்கு நூத்தி இருபத்திரண்டு. மீதியே கெடையாது. கரெக்டா டிசம்பர் முப்பத்தொண்ணோட முடியுது பாருங்க.”

“சரி, நான் வைக்கவா? பேஷண்ட் வெய்ட் பண்றாங்க” என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமையில்.

அப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “சரியாக் கூட்டினியாப்பா?”

“பதினஞ்சுப்பா.”

“ஆறும் ஆறும்?”

“பன்னெண்டுப்பா.”

“அதோட மூணு?”

“பதினஞ்சுதாம்ப்பா! என்னப்பா நீங்க?”

எத்தனையோ ஆயிரம் பாரங்களைப் பிழையில்லாமல் எண்ணிய மனிதர். “சரிப்பா. நல்லதாப் போச்சு” என்றார். பிறகு மேசைமேல் கிடந்த என் மெய்ப்புத் தாள் ஒன்றை எடுத்து நீளவாக்கில் மூன்றாக மடிக்கப் பார்த்தார். ஓர் ஓரம் துருத்தியது. பிரித்தார். திரும்ப மடித்தார்.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். அடுத்த வருஷம் என் முறை செப்டம்பர் ஒன்றில் தொடங்கி டிசம்பர் முப்பத்தொன்றில் முடிகிறது. அவருடைய இரண்டு நாளும் நேராக வந்து என் வீட்டில் விழுகின்றன. கேட்க வாய் வராமல் இருந்தேனே, அதே இரண்டு நாள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

9

முடிவுகள்.

(அ) உண்மையைச் சொல்கிறேன். அண்ணன் பதறுகிறான், அக்கா அழுகிறாள், எல்லோரும் அப்பாவைக் கட்டிக்கொள்கிறார்கள். அடுத்த அட்டவணையில் ‘தந்தையார் தனி நாட்கள்: 2’ என்று ஒரு புது வரிசை. அண்ணன் அதற்கு நல்ல விடுதியாகப் பார்த்து முன்பதிவும் செய்கிறான். காலையும் மாலையும் ஃபோன் செய்து, “அப்பா, தனியா நிம்மதியா இருக்கீங்களா?” என்று கேட்கிறான்.

(ஆ) நானும் அந்த விடுதிக்குப் போய்ப் பக்கத்து அறையில்

(வேண்டாம்.)

(இ) சும்மா இருக்கிறேன். முப்பதும் முப்பத்தொன்றும் அப்பா என் வீட்டில். ரேடியோ ஒன்றே ஒன்று. நான் டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டுகிறேன்.

இந்த மூன்றாவது முடிவை மூன்று நாள் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. தட்டுகிற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டது.

10

இன்று டிசம்பர் இருபத்தொன்பது. இந்த வருஷத்துக் கணக்கு இன்றோடு முடிகிறது. அப்பா பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பாதி, பாதி, பாதியாக மடித்தவை. நான் வாசற்படியில் நின்றேன்.

“அப்பா, அடுத்த வருஷம் இந்த முப்பது, முப்பத்தொண்ணு இருக்கில்ல?”

கை நின்றது. “ம்.”

“அந்த ரெண்டு நாள் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கும் போலிருக்கு. வீட்ல யாரும் இல்லாம இருந்தாத்தான் ஓடும். நீங்க எப்பவும் போல முப்பதாம் தேதியே கெளம்பிட்டீங்கன்னா தேவல. அண்ணன்கிட்ட சொல்ல வேணாம். வெவரம் கேப்பான்.”

பெற்ற அப்பாவை இரண்டு நாள் முன்னதாக வெளியே போகச் சொல்லும் மகளாக அங்கே நின்றேன். வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். அப்படியும் ‘தேவல’ என்ற இடத்தில் குரல் உடைந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

“அடுத்த வருஷத்து வேலைய இப்பவே சொல்ற. என்ன வேலை?”

“கதை எழுதற வேலை.”

“இப்ப எழுதிட்டிருக்கியே, அந்த மாதிரியா?”

“ஆமா.”

“அது எத்தன பக்கம்?”

“பதினாலு வரும்ப்பா.”

“பதினாலு.” யோசித்தார். “பாதி ஏழு. ஏழுக்குப் பாதி இல்ல. உடையுது.” பெட்டியை மூடினார். கொக்கி விழவில்லை; முழங்காலால் அழுத்தினார். “ரெண்டு பக்கம் சும்மா விடணும்மா.”

“விடறேன்ப்பா.”

“ஆசிரியர் விட மாட்டார். வெளம்பரம் போடறேன்பார், பொன்மொழி போடறேன்பார். சும்மா கெடந்தா பொறுக்காது அவங்களுக்கு.”

“நான் சொல்லிக்கறேன்.”

“சொல்லு.” கொக்கி விழுந்தது. “காலைல எட்டு மணி பஸ். கண்ணாடிய ஞாபகமா வை.”

புரிந்துதான் பேசினாரா, பாரத்தைப் பற்றி மட்டும் பேசினாரா? தெரியவில்லை. கேட்கப் போவதில்லை. கேட்டால் அந்த இரண்டு நாளும் நான் கொடுத்ததாக ஆகிவிடும். பிறகு அதுவும் யாருடைய முறையோதான்.

ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “கடைசி ரெண்டு பக்கம் வெறுமையா? ஆஹா! மேடம், அந்த வெற்றிடத்த வாசகர் தன் அர்த்தத்தால நிரப்பணும்னு ஒரு குறிப்பு போட்டுடலாமா?” என்றார்.

வேண்டாம் என்றேன். இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிடுவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். அடுத்த டிசம்பர் முப்பதாம் தேதி அந்தக் கோடி அறையில் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து இருக்கும், இந்த வீட்டில் எத்தனை ரேடியோ ஓடும் என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் கேட்டுக்கொள்கிறேன்: இதற்குப் பிறகு வரும் இரண்டு பக்கத்தில் எதையும் எழுதாதீர்கள். பென்சிலால்கூட வேண்டாம். அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.